கயிறுன்னா எல்லாம் ஒரே கயிறா?

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் விருதுநகர் மாவட்டச் செய்திகளில் ஒரு வரி அடிக்கடி தலைகாட்டும். காட்டாற்று வெள்ளத்தில் சிக்கியவர்கள் கயிறு கட்டி மீட்கப்பட்டார்கள். இடம் மட்டும்தான் மாறும். ஒரு வாரம் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் ஆறு. இன்னொரு வாரம் ராக்காச்சி அம்மன் கோயில் பக்கம் குளிக்கப் போன கூட்டம். அடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் காட்டழகர் கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள். அதுவும் இல்லையென்றால் சதுரகிரியில் இருந்து தாணிப்பாறைக்கு இறங்கும் வழியில் மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை.

படிப்பவர்கள் "அப்பாடா, பிழைச்சாங்க" என்று அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். சந்தோஷம்தான். ஆனால் எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் வந்தபோது பக்தர்கள் உயிரோடு அடித்துச் செல்லப்பட்டார்கள். உயிர் போனதும் போனதுதான்.

இத்தனை செய்திகளில் ஒன்றிலாவது "என்ன கயிறு?" என்று யாராவது கேட்டதுண்டா? எத்தனை மில்லிமீட்டர்? தண்ணீரில் மிதக்குமா, மூழ்குமா? எவ்வளவு பாரத்தில் அறும்? அதில் மாட்டியிருந்த கொக்கி எந்தக் கடைக் கொக்கி? கேட்க மாட்டார்கள். ஏனென்றால் கயிறு என்றால் கயிறுதானே! கிணற்றுக்குப் போட்டதும் கயிறு, மாட்டைக் கட்டினதும் கயிறு, லாரியில் லோடு கட்டினதும் கயிறு, ஆளைக் காப்பாற்றப் போட்டதும் கயிறு.

இந்த அலட்சியத்தைத்தான் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நூலுக்குக் கணக்கு உண்டு, கயிற்றுக்குக் கிடையாதா?

இதை வேறு ஏதாவது ஊர்க்காரர்கள் சொன்னால்கூட மன்னித்துவிடலாம். ராஜபாளையத்துக்காரர்கள் சொல்லக்கூடாது. 1936ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய நாளில் இருந்து நூலிலேயே பிழைக்கும் ஊர் இது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஷிப்ட் தொழிலாளியிடம் போய் "நாப்பதாம் நம்பருக்கும் அறுபதாம் நம்பருக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் கவுண்ட், நம்பர் ஏற ஏற நூல் சன்னம் என்று விளக்குவார். மில்லுக்குள்ளே நூலின் பலத்தைச் சோதிக்க 120 கெஜம் சுற்றி, மெஷினில் இழுத்து அறுத்துப் பார்ப்பார்கள். எண் குறைந்தால் லாட் திரும்பி வந்துவிடும்.

சட்டைக்குப் போகிற நூலுக்கு இத்தனை சோதனை. அதே ஊரில் இருந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு கும்பல் ஆற்றுக்குக் கிளம்பும்போது "சேஃப்டிக்கு" என்று ஒரு கயிறு வாங்குவார்கள். எப்படி? ஹார்டுவேர் கடையில் போய், "அண்ணாச்சி, நல்ல கயிறா ஒண்ணு குடுங்க." அண்ணாச்சி கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து "இந்தத் தடிமன் போதுமா தம்பி?" என்பார். தராசில் போட்டு எடைக்குக் காசு வாங்கிக்கொள்வார். முடிந்தது வியாபாரம்.

அண்ணாச்சி மேல் தப்பில்லை. அவர் விற்பது சரக்கு கட்டும் கயிறு. வாங்குபவன் எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லத் தெரியவும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒரு வார்த்தை. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ஓடுகிறது. கட்டுக்கட்டாகத் திரித்த அந்த வடத்துக்குப் பதிலாக யாராவது துணி காயப்போடும் கொடிக்கயிற்றைக் கட்டி இழுப்பார்களா? சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். 2024 ஜூன் 21 அன்று திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்தில் வடம் அடுத்தடுத்து அறுந்தபோது எவ்வளவு கோபம், எவ்வளவு கேள்விகள்! நியாயமான கேள்விகள்தான். தேர் நின்றால் வடத்தின் தரத்தைக் கேட்கிற ஜனங்கள், ஆற்றில் ஆள் நின்றால் மட்டும் கேட்பதில்லை. அது ஏன்?

முதல் மூடநம்பிக்கை: தடிமனாக இருந்தால் நல்லது

வெள்ளத்தில் கயிற்றுக்கு இரண்டு வேலைகள் உண்டு. இரண்டும் வேறு வேறு. இது புரியாமல்தான் பாதிக் குழப்பம்.

முதல் வேலை, அடித்துப் போகிறவனை நோக்கி வீசுவது. இரண்டாவது வேலை, ஓடையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இழுத்துக் கட்டுவது.

வீசுகிற கயிற்றுக்குத் தடிமன் எதிரி. கணக்குப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் கயிறு 20 மீட்டர் எடுத்தால் ஒரு கிலோகூட வராது. அதையே 20 மில்லிமீட்டரில் எடுத்தால் மூன்றரைக் கிலோவைத் தாண்டும். தடிமன் இரண்டு மடங்கு ஆனால் எடை நான்கு மடங்கு. தண்ணீர் குடித்த தேங்காய் நார்க் கயிறாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வழுக்குப் பாறையில் நின்றுகொண்டு, பதற்றத்தில், அதைப் பதினைந்து மீட்டர் வீச எந்தப் பயில்வானால் முடியும்? மறுபக்கம், 5 மில்லிமீட்டர் கொடிக்கயிறு நன்றாகப் பறக்கும். ஆனால் பாரம் ஏறியதும் உள்ளங்கையை அறுத்துவிடும். நனைந்து விறைத்த கையால் அதைப் பிடித்து நிற்க முடியாது.

அதனால்தான் உலகம் முழுக்க வெள்ளை நீர் ஓடும் ஆறுகளில் கயாக் படகு விடுகிறவர்கள் ஒரு சிறிய பையைக் கையோடு வைத்திருக்கிறார்கள். த்ரோ பேக் என்பார்கள். உள்ளே 8 முதல் 10 மில்லிமீட்டரில், சுமார் 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பையை வீசினால் கயிறு தானாக அவிழ்ந்துகொண்டே போகும். இங்கே தடிமனைத் தீர்மானிப்பது கயிற்றின் பலம் இல்லை, மனிதனின் கை. கரையில் நிற்பவன் பிடித்துத் தாங்கும் பாரத்தை விட 8 மில்லிமீட்டர் கயிறு பல மடங்கு தாங்கும்.

இரண்டாவது மூடநம்பிக்கை: நைலான்தான் ஸ்ட்ராங்

ஸ்ட்ராங்தான். யார் இல்லை என்றது? 10 மில்லிமீட்டர் முப்புரி நைலான் சுமார் இரண்டு டன்னில் அறும். அதே தடிமன் பாலிப்ரொப்பிலீன் சுமார் 1,400 கிலோவிலேயே அறுந்துவிடும். ஆனால் நைலானின் அடர்த்தி 1.14, தண்ணீரை விட அதிகம், மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் 0.91, மிதக்கும்.

கலங்கிய வெள்ளத்தில் கழுத்தளவு மூழ்கியவன் தன்னை நோக்கி வந்த கயிற்றைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிப்பான். மூழ்கிய கயிறு அவனுக்கு உதவாது. அது அடியில் போய்ப் பாறை இடுக்கில் சிக்கும், இல்லையென்றால் அவன் காலிலேயே சுற்றும். காப்பாற்றப் போட்ட கயிறு கட்டிப்போடும் கயிறாகிவிடும். போதாக்குறைக்கு நைலான் நனைந்தால் பத்து, பதினைந்து சதவீதம் பலத்தையும் இழக்கும்.

வேடிக்கை என்னவென்றால், கடையில் தொங்கும் மலிவான மஞ்சள், நீல பிளாஸ்டிக் கயிறு பெரும்பாலும் மிதக்கும் ரகம்தான். கௌரவம் பார்த்துக் கூடுதல் காசு கொடுத்து நைலான் வாங்குகிறவன், வீசுவதற்கு மோசமான கயிற்றை வாங்குகிறான். அப்படியானால் மலிவான கயிறே போதுமா? போதாது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கித் திரித்ததா, எத்தனை கிலோவில் அறும், எத்தனை மாதம் கடை வாசலில் வெயிலில் தொங்கியது என்று எதுவும் அதில் எழுதியிருக்காது. பாலிப்ரொப்பிலீனுக்கு வெயில்தான் எமன். கையால் தேய்த்தால் பொடி உதிரும் கயிற்றை யார் உயிருக்கும் நம்பக்கூடாது.

மூன்றாவது: இரண்டு மரத்தில் விறைப்பாகக் கட்டினால் போதும்

இதுதான் அதிகம் பார்க்கக் கிடைக்கும் காட்சி. ஓடைக்குக் குறுக்கே, நேர் எதிராக, வீணைத் தந்தி போலக் கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆட்கள். பார்க்கத் தைரியமாக இருக்கும். கணக்கு போட்டால் வயிற்றைக் கலக்கும்.

மார்பளவு தண்ணீரில் நிற்கும் ஆள் மேல் வெள்ளம் மோதும் பரப்பு அரைச் சதுர மீட்டர் என்று வையுங்கள். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தண்ணீர் அவரைச் சுமார் 25 கிலோ விசையோடு தள்ளும். சமாளிக்கலாம். நொடிக்கு இரண்டு மீட்டர் என்றால் 50 இல்லை, 100 கிலோ. மூன்று மீட்டர் என்றால் 225 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மலையில் மழை கொட்டிக் கால் மணி நேரத்தில் ஓடையின் வேகம் இரட்டிக்கும்போது நடப்பது இதுதான்.

இப்போது கயிற்றுக்கு வாருங்கள். விறைப்பாகக் கட்டிய கயிற்றின் நடுவில் 100 கிலோ தள்ளும்போது, ஒவ்வொரு முனையிலும் 50 கிலோதான் வரும் என்று நினைப்பது இயல்பு. தப்பு. கயிறு வெறும் 5 டிகிரிதான் வளைகிறது என்றால் அதற்குள் ஏறும் இழுவிசை கிட்டத்தட்ட 570 கிலோ. நடுவில் மூன்று பேர் சேர்ந்து நின்றால் 1,700 கிலோ! மேலே சொன்ன 10 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் 1,400 கிலோவில் அறும். அதுவும் புதுக் கயிறு, முடிச்சு இல்லாத கயிறு. முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் மூன்றில் ஒரு பங்காவது போகும் என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆக மிச்சம் 900 சொச்சம்.

நிஜத்தில் கயிறு நீண்டு கொடுக்கும், வளைவு கூடும், இழுவிசை கொஞ்சம் குறையும். ஆனால் "கொடுக்கும்" என்ற நம்பிக்கையில் மூன்று பேரை நடுவில் நிறுத்தலாமா?

குறுக்கே கட்டுவதற்கு வேண்டியது வேறு கயிறு. அதிகம் நீளாத, உள்ளே இழைக்கற்றையும் மேலே பின்னல் உறையும் கொண்ட ஸ்டாட்டிக் கயிறு, 11 மில்லிமீட்டருக்குக் குறையாமல். 11 மில்லிமீட்டர் ரகங்கள் பொதுவாக மூன்று டன் அளவில் தாங்கும், அந்த எண் கூடவே அச்சாகி வரும். அது நைலானாக இருந்து மூழ்கினால்கூடப் பரவாயில்லை, தண்ணீருக்கு மேலேதானே இருக்கப் போகிறது. மலையேறுகிறவர்கள் விழுந்தால் தாங்குவதற்கு வைத்திருக்கும் ரப்பர் மாதிரி நீளும் கயிறு இதற்கு ஆகாது.

கட்டும் விதமும் முக்கியம். நேர் குறுக்காகக் கட்டினால் நடுவில் வளைந்து "வி" வடிவம் ஆகும். வெள்ளம் ஆளை அந்த மூலையில் கொண்டுபோய்ச் செருகும். அங்கிருந்து எந்தக் கரைக்கும் வர முடியாது. சாய்வாகக் கட்ட வேண்டும். போய்ச் சேர வேண்டிய கரையின் முனை கீழ்நோக்கித் தள்ளி இருக்க வேண்டும். அப்போது தண்ணீரே ஆளைக் கரைப் பக்கம் ஒதுக்கும். பாறை முனையில் கயிறு உரசும் இடத்தில் ஒரு பழைய சாக்கை மடித்து வையுங்கள். செலவே இல்லாத காப்பீடு அது.

கொக்கிக்கும் ஒரு கதை உண்டு

மூன்று டன் கயிற்றை வாங்கி அதில் சாவிக்கொத்து கராபினரை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பைக் சாவியில் தொங்குமே, கலர் கலராக, அதுதான். "மலையேற்றத்துக்கு அல்ல" என்று பலவற்றில் பொடி எழுத்தில் எழுதியே இருக்கும். யார் படிக்கிறார்கள்?

உண்மையான கராபினரின் உடம்பில் எண் வெட்டியிருக்கும். நீளவாக்கில் 22 கிலோ நியூட்டன் என்றால் ஏறக்குறைய 2,200 கிலோ. அதே கராபினர் பக்கவாட்டில் திரும்பி இழுபட்டாலோ, வாய் திறந்த நிலையில் இழுபட்டாலோ தாங்குவது மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் திருகிப் பூட்டும் ரகம் வேண்டும். பூட்டு இல்லாத கொக்கி இன்னொரு ஆபத்தையும் செய்யும். பக்கத்தில் வரும் வேறு கயிற்றையோ, ஆளின் சட்டையையோ தானாகக் கவ்விக்கொள்ளும். ஊஞ்சல் கட்டும் "எஸ்" கொக்கி இழுத்தால் விரிந்துவிடும். அதற்கு இங்கே வேலையே இல்லை.

ஷேக்கிள் வாங்கினால் அதில் பொறித்திருக்கும் வேலைப் பளு எண்ணைப் பாருங்கள். அறும் எண் வேறு, வேலைப் பளு எண் வேறு. அறும் எண்ணை ஐந்தாலோ பத்தாலோ வகுத்துத்தான் வேலைப் பளுவை வைப்பார்கள். எண்ணே இல்லாத இரும்பு, பழைய இரும்புக் கடைக்குச் சொந்தம். மொத்த ஏற்பாட்டின் பலமும் அதில் உள்ள மிக மட்டமான துண்டின் பலம்தான். வணிகவியல் மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால், எல்லாக் கணக்கும் சரியாக இருந்து ஒரே ஒரு வவுச்சர் போலி என்றாலும் ஆடிட் ஊத்திக்கொள்ளும்.

இடுப்பில் கட்டும் வீரம்

சினிமாக்கள் செய்த புண்ணியம். கதாநாயகன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதிப்பான். நிஜத்தில் குதித்தால் என்ன ஆகும்? கயிறு ஒரு இடத்தில் இறுகி நின்றதும் வெள்ளம் ஆளை அமுக்கும். முகம் தண்ணீருக்குள் போகும். கரையில் இருப்பவர்கள் பலமாக இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போவான். நனைந்து இறுகிய முடிச்சை 100 கிலோ இழுவையில் எவனாலும் அவிழ்க்க முடியாது. பயிற்சி பெற்ற மீட்புக்காரர்கள் இறங்கும்போது ஒரே இழுப்பில் கழன்றுகொள்ளும் பெல்ட் உள்ள மிதவைச் சட்டை போட்டு, கையெட்டும் இடத்தில் கத்தியும் வைத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். அது இல்லாதவர் இடுப்பில் கயிறு கட்டக்கூடாது. கரையில் பிடிப்பவர் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. வீசும் கயிற்றின் முனையில் சுருக்கோ வளையமோ போடக்கூடாது, பாறையில் மாட்டும். தண்ணீரில் இருப்பவர் மல்லாந்து, கயிற்றைத் தோளுக்கு மேலாக மார்போடு பிடித்தால் போதும். ஓட்டமே அவரை வளைத்துக் கரையில் சேர்க்கும்.

"தீயணைப்புத் துறை பார்த்துக்கும்"

பார்த்துக்கொள்கிறார்கள். ராஜபாளையத்தில் இருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தும் இருட்டில், மழையில் போய் மனிதர்களைத் தூக்கி வருகிறவர்களைக் குறை சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் வண்டி ஊரில் நிற்கிறது. வெள்ளம் மலையில் வருகிறது. தாணிப்பாறையில் இருந்து மேலே வண்டிப் பாதையே கிடையாது, நடைதான். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலை உச்சியில் கொட்டிய மழை ஓடையில் வந்துவிடும். முதல் பத்து நிமிடம் கரையில் நிற்பவர்களுடையது. கூட வந்த நண்பர்கள், வளையல் கடைக்காரம்மா, வேன் டிரைவர். அவர்கள் கையில் என்ன கயிறு இருக்கிறது என்பதுதான் அந்தப் பத்து நிமிடத்தின் விதி.

"அந்தக் காலத்தில் தேங்காய் நார்க் கயிறுதான், எல்லாரும் பிழைக்கலையா?" என்பார்கள். பிழைத்தவர்கள் மட்டும்தானே கதை சொல்ல வருகிறார்கள். "கயிறு இருக்குன்னு தைரியத்துல ஆத்துல இறங்குவானுங்க" என்றும் சொல்வார்கள். கயிறே இல்லாமல்தான் இப்போதும் இறங்குகிறார்கள். மேற்கே கருக்கும்போது ஏறி வந்துவிடுவதுதான் முதல் பாதுகாப்பு, கயிறு கடைசி. கடைசிதான் என்பதற்காக மட்டமானதாக இருக்கலாமா?

பணம் என்பார்கள். 20 மீட்டர் மிதக்கும் கயிறும் ஒரு பையும் ஒரு குழுவின் வேன் வாடகையில் சிறு பங்கு. கோயில், கல்லூரி, சங்கம் என்று யார் வாங்கினாலும் கொள்முதல் சீட்டில் "கயிறு, 2 எண்ணம்" என்று எழுதினால் குறைந்த விலைக்கு யார் கொடுக்கிறாரோ அவருடைய கயிறுதான் வரும். அதை எழுதும் விதத்தை மாற்றினால் போதும். என்ன பொருள், எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மீட்டர், எத்தனை கிலோவில் அறும், வாங்கிய தேதி. ஐந்தே வரி. பிறகு அதற்குத் தேய்மானமும் போட வேண்டும். மெஷினுக்கும் வண்டிக்கும் வருடா வருடம் தேய்மானம் எழுதுகிறவர்கள், மணல் ஏறி வெயிலில் வெளுத்த கயிற்றை மட்டும் பத்து வருடம் முழு மதிப்பில் வைத்திருக்கிறார்கள். பயன்படுத்தியதும் அலசி நிழலில் காயவைத்து, உறை கிழிந்தாலோ, இழை உதிர்ந்தாலோ வெட்டிப் போட வேண்டும். வெட்டித்தான் போட வேண்டும். முழுசாக ஓரம் வைத்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்துவிடுவார்கள்.

அடுத்த முறை ஹார்டுவேர் கடையில் "நல்ல கயிறா குடுங்க" என்று கேட்காதீர்கள். "வீசுறதுக்கு வேணும், மிதக்கணும், எட்டுல இருந்து பத்து மில்லிமீட்டர், எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேளுங்கள். அண்ணாச்சி முதலில் முறைப்பார். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு எண் போட்ட கயிறு வாங்கி வைத்திருப்பார். கேட்கிற சரக்குதான் கடைக்கு வரும்.